மோர் மிளகாய் போட்டுக் கை எரிகிறது, கண்ணில் லென்ஸ் வேறு இருக்கிறது. என்ன செய்யலாம்?

உறையூர்வாசி (இரவு 10.35)

வணக்கம். அவசரம்தான், ஆனாலும் முழுக்கச் சொன்னால்தான் சரியான பதில் வரும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இடது கை சுண்டுவிரலால் தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருடா வருடம் சித்திரையில் மோர் மிளகாய் போடுவது எங்கள் வீட்டில் அம்மாவின் வேலை. இந்த வருடம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, தரையில் உட்காரக் கூடாது. மனைவி பிள்ளைகளோடு ஊருக்குப் போயிருக்கிறார். "இந்த வருஷம் கடையில வாங்கிக்கலாமா?" என்று கேட்டேன். அம்மா பதிலே சொல்லவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று நாற்பத்து மூன்று வருடமாக எனக்குத் தெரியும். காலையில் காந்தி மார்க்கெட்டுக்குப் போய் மூன்று கிலோ வாங்கி வந்தேன். மோர் மிளகாய்க்கென்றே வருமே, குட்டையாக, தடியாக, அந்தப் பச்சை மிளகாய்.

கழுவி, துணியில் ஈரம் போக உலர்த்தி, பதினோரு மணிக்கு உட்கார்ந்தேன். அம்மா நாற்காலியில் இருந்தபடி இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, "கையில தேங்காய் எண்ணெய் தடவிக்க." இரண்டு, "ஊக்கால ரெண்டு குத்து குத்தினா போதும்." இரண்டையும் கேட்கவில்லை. எண்ணெய் தடவினால் கத்தி வழுக்கும் என்று நினைத்தேன். ஊக்கால் குத்தினால் காரம் அப்படியே இருக்கும், பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்று ஒரு கணக்கு. அதனால் ஒவ்வொரு மிளகாயாக வயிற்றைக் கீறி, வலது கட்டைவிரலை உள்ளே விட்டு, விதையையும் அந்த வெள்ளை நரம்பையும் வழித்து எடுத்தேன். மூன்று கிலோவுக்கும். மூன்றரை மணி ஆகிவிட்டது.

அப்போது ஒன்றும் தெரியவில்லை. லேசாகக் குறுகுறுத்தது, அவ்வளவுதான். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். புளித்த மோரில் உப்புப் போட்டு மிளகாயை ஊறவைத்துவிட்டு ஒரு தூக்கம்கூடப் போட்டேன். எட்டரைக்கு ரசம் சாதம். சூடான சாதத்தைப் பிசைந்தேன் பாருங்கள், கையை அடுப்பில் வைத்த மாதிரி இருந்தது. அங்கே தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. கட்டைவிரல் நகக்கண்தான் மோசம். பார்த்தால் லேசான சிவப்பு, வேறொன்றும் இல்லை. கொப்புளம் கிடையாது. ஐஸ் தண்ணீர்க் குண்டானில் கை இருக்கும்வரை சொர்க்கம், வெளியே எடுத்த அரை நிமிடத்தில் திரும்ப ஆரம்பிக்கிறது.

பெரிய சிக்கல் இனிமேல்தான். நான் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவன். மாதம் ஒருமுறை மாற்றுகிற சாஃப்ட் லென்ஸ். காலையில் போட்டது இரண்டு கண்ணிலும் அப்படியே இருக்கிறது. இந்தக் கையால் அதை எப்படி எடுப்பது? அம்மாவுக்கு என் கண்ணைத் தொடப் பயம். போட்டுக்கொண்டே தூங்கிவிடலாமா?

மாடித்தோட்டக்காரி (10.48)

முதலில் ஐஸ் தண்ணீரிலிருந்து கையை எடுங்கள் சார். குளிர்ச்சி வலியை மறைக்கிறது, ஆனால் காரம் தண்ணீரில் கரையாது, அது எண்ணெய்ச் சரக்கு. நீங்கள் எத்தனை குடம் ஊற்றினாலும் அது தோலில்தான் இருக்கும்.

கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எந்த எண்ணெய் இருக்கிறதோ அது, கடலெண்ணெயே போதும், இரண்டு ஸ்பூன் கையில் விட்டு நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு என்று மூன்று நான்கு நிமிடம் நன்றாகத் தேயுங்கள். தேய்த்த எண்ணெயை அப்படியே விட்டுவிடக் கூடாது, காரத்தை வாங்கிக்கொண்ட எண்ணெய் அது. பழைய துணியிலோ டிஷ்யூவிலோ வழித்துத் துடைத்துத் தூக்கிப் போடுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் லிக்விட். அதைத் தண்ணீர் கலக்காமல், காய்ந்த கையிலேயே விட்டுத் தேய்த்து, கடைசியில்தான் தண்ணீர். நகத்துக்குள் பழைய டூத் பிரஷ். வெந்நீர் வேண்டவே வேண்டாம். இதே வரிசையில் மூன்று தடவை.

இவ்வளவு விவரமாகச் சொல்கிறேனே, பட்டுத் தெரிந்துகொண்டதுதான். மாடியில் காந்தாரி மிளகாய் வைத்திருக்கிறேன். போன வருடம் விதைக்காகப் பத்துப் பழத்தைப் பிதுக்கிவிட்டுக் கை கழுவினேன். ஒரு மணி நேரம் கழித்து மூக்குத்தித் திருகாணி தளர்ந்த மாதிரி இருந்தது, திருகினேன். அந்த ராத்திரியை என் வீட்டுக்காரர் இன்னும் உறவுக்காரர்களிடம் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

லென்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வரும்வரை கண்ணைத் தொடாதீர்கள், சொல்லிவிட்டேன்.

சும்மா ஒருவன் (10.52)

ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து அதில் கையை முக்கினால் காரம் செத்துவிடும் என்று வீடியோவில் பார்த்தேன். கூடவே எலுமிச்சம்பழம் தேய்த்தால் இன்னும் நல்லது.

நைட் டூட்டி (10.57)

மேலே உள்ள பதிலைத் தயவுசெய்து யாரும் செய்து பார்க்காதீர்கள். ஏற்கெனவே எரிகிற தோலில் ப்ளீச்சிங் பவுடர் நிஜமாகவே புண்ணாக்கும். அதோடு எலுமிச்சை, வினிகர் மாதிரி புளிப்புச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்கிற ஆளும் உண்டு.

உறையூர் சார், நான் கண் வார்டில் நர்ஸ். இப்போது டூட்டியில்தான் இருக்கிறேன், இடையிடையே எழுதுகிறேன்.

லென்ஸோடு தூங்க வேண்டாம். அதே சமயம் பதறவும் வேண்டாம். இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் அது கண்ணில் இருப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. காரக் கையோடு அவசரப்பட்டு எடுப்பதுதான் ஆபத்து. சாஃப்ட் லென்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள், காரத்தையும் பிடித்துக்கொள்ளும். காரம் பட்ட லென்ஸை எந்த சொல்யூஷனில் ஊறவைத்தாலும் நம்பிப் போட முடியாது, தூக்கித்தான் போட வேண்டும்.

அதனால் முதலில் மாடித்தோட்டக்காரி அக்கா சொன்னபடி கையைச் சுத்தம் செய்யுங்கள். செய்துவிட்டு ஒரு சோதனை. விரல் நுனியை, குறிப்பாக அந்தக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும், நாக்கு நுனியிலோ உள்ளுதட்டிலோ வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். உதடு எரிந்தால் கண் அதைப்போலப் பல மடங்கு எரியும். அப்படியானால் உங்கள் கை வேண்டாம், வேறு யார் கையாவது வேண்டும். அக்கம்பக்கத்தில் லென்ஸ் போடுகிற யாராவது இருக்கிறார்களா? இதைப் பழகிய கைக்கு ஒரு நிமிட வேலை.

கைதவறிக் கண்ணில் பட்டுவிட்டால்: லென்ஸ் உடனே வெளியே வர வேண்டும், அப்புறம் குழாய்த் தண்ணீரில், இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கண்ணுக்கு எண்ணெய் கிடையாது. பால் கிடையாது, தாய்ப்பாலும் கிடையாது. தண்ணீர் மட்டும். கழுவிய பிறகும் வலி விடாவிட்டால், பார்வை மங்கினால், காலைவரை காத்திருக்காமல் கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

உறையூர்வாசி (11.16)

இரண்டு சுற்று முடித்தேன். கடலெண்ணெய், அப்புறம் லிக்விட். உள்ளங்கை பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது, உண்மையிலேயே. கட்டைவிரல் மட்டும் அடங்க மறுக்கிறது. உள்ளுதட்டில் வைத்துப் பார்த்தேன். இருபது எண்ணுவதற்குள் உதடும் எரிய ஆரம்பித்துவிட்டது. இப்போது உதட்டுக்குத் தயிர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா சிரித்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படிச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

அம்மாவின் தலைச்சாய டப்பாவில் இருந்த பாலிதீன் கையுறை ஒரு ஜோடி கிடைத்திருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு லென்ஸை எடுக்கலாமா?

நைட் டூட்டி (11.21)

வேண்டாம் சார். அது தொளதொளவென்று இருக்கும். லென்ஸைக் கிள்ளும்போது கையுறையின் மடிப்பு கருவிழியில் உரசும். மேலும் அதைக் காரக் கையால்தானே பெட்டியிலிருந்து எடுத்து மாட்டுவீர்கள், வெளிப்பக்கமும் காரம் ஆகிவிடும். இன்னொருவர் கை, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த கை. அதுதான் வழி. யாருமே கிடைக்காவிட்டால் எரிச்சல் சோதனையில் தேறும்வரை இன்னும் இரண்டு சுற்றுத் தேயுங்கள், தூங்காமல் காத்திருங்கள்.

சாத்தூர் பக்கம் (11.29)

தம்பி, நான் வத்தல் கமிஷன் கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன். எங்கள் ஊரில் சம்பா வத்தல், கிழக்கே ராமநாதபுரம் பக்கம் முண்டு வத்தல். அந்த முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது சம்பாக்காரர்களான எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. அது கிடக்கட்டும்.

என் அம்மாவும் களத்தில் காம்பு கிள்ளப் போனவர்தான். காலையில் உட்காரும் முன்னால் எல்லாப் பெண்களும் வேப்பெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ கையில் முழங்கைவரை தடவிக்கொள்வார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் கட்டுவார்கள், இல்லாவிட்டால் நெடி ஏறித் தும்மித் தும்மியே கூலி போய்விடும். உங்கள் அம்மா சொன்ன எண்ணெய் அதே எண்ணெய்தான். கத்தி வழுக்கும் என்றால் கைப்பிடியில் ஒரு துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டியதுதானே.

சாயங்காலம் வேலை முடிந்ததும் மறுபடி எண்ணெய் தேய்த்து, அதன்மேல் சீயக்காய்த்தூளோ கடலை மாவோ போட்டு உருட்டி உருட்டித் தேய்ப்பார்கள். மாவு எண்ணெயை வாரிக்கொண்டு உதிர்ந்துவிடும். அப்புறம்தான் தண்ணீர். நகத்துக்குள் புளி. புளியைக் கொட்டை, நார் எடுக்காமல் அப்படியே உருட்டி, அதற்குள் கட்டைவிரலை விட்டுத் திருகுவார்கள். நீங்களும் செய்து பாருங்கள்.

அப்படிக் கழுவியும் காம்பு கிள்ளிய நாளில் அம்மா எங்களுக்குத் தலை வாரிவிட மாட்டார். தங்கைக்குச் சடை பின்னுவது அந்த நாட்களில் என் வேலை. இன்றைக்கும் நன்றாகப் பின்னுவேன். கைக்குழந்தைக்காரிகளைக் கிள்ளும் வேலைக்குப் போடாமல் தட்டுப் புடைக்க வைப்பார்கள், அங்கேயும் நெடிதான், ஆனால் கை தப்பிக்கும்.

இன்னொன்று. பெண்கள் படிக்கிற இடம், நாசூக்காகச் சொல்கிறேன். மிளகாய் தொட்ட ஆண் பாத்ரூம் போவதற்கு முன்னால் கை கழுவ வேண்டும். பின்னால் கழுவிப் பிரயோஜனம் இல்லை. கடைக்குப் புதிதாக வரும் பையன்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லித்தான் உள்ளே விடுவேன். சொன்னதைக் கேட்காத ஒருவன் அரை மணி நேரம் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தான்.

வாத்தியார் (11.44)

பெரியவர் சொன்ன மாவு வித்தை எனக்குப் புதிது, குறித்துக்கொண்டேன். எண்ணெயில் கரைத்து, உறிஞ்சும் பொருளால் வாரி எடுப்பது. வேதியியல் படி நூற்றுக்கு நூறு சரி. புளிக்குக் காரத்தைக் கரைக்கும் சக்தி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நாரும் திருகுகிற திருகலும்தான் வேலை செய்கிறதோ என்னவோ.

உறையூர்வாசி கேட்காத ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறேன், முப்பது வருட வாத்தியார் புத்தி. ஏன் மூன்றரை மணிக்கு எரியாதது எட்டரைக்கு எரிந்தது?

காரம் என்பது கேப்சைசின் என்ற பொருள். அது சுடுவதில்லை, எதையும் பொசுக்குவதும் இல்லை. நம் நரம்பு நுனியில் சூட்டைக் கண்டுபிடிக்க ஒரு கதவு இருக்கிறது, டி.ஆர்.பி.வி.1 என்று பெயர். சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் அது திறந்து "சுடுகிறது" என்று மூளைக்குச் சேதி அனுப்பும். கேப்சைசின் அதே கதவில் போய் ஒட்டிக்கொண்டு, சூடே இல்லாமல் கதவைத் திறந்துவிடுகிறது. இதை 1997இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அவர் அந்தக் கதவைத் தேடிக் கண்டுபிடிக்கப் பிடித்துக்கொண்ட நூலே மிளகாய்க் காரம்தான்.

உள்ளங்கைத் தோல் தடிமன். காரம் அதற்குள் மெல்ல மெல்ல இறங்கி நரம்பு நுனிக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். உதடு, கண், மூக்கு உள்பக்கம் எல்லாம் மெல்லிசு, உடனே தெரிந்துவிடும். அப்புறம், கேப்சைசின் ஒட்டிய கதவு தொட்டாற்சிணுங்கி ஆகிவிடும். 43 டிகிரி வரை காத்திருக்காது, வெதுவெதுப்புக்கே திறந்துகொள்ளும். நீங்கள் மத்தியானம் பழைய சோறு சாப்பிட்டிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. ரசம் சாதத்தின் சூடு போதுமாக இருந்தது. ஐஸில் வைத்தால் சொர்க்கம், எடுத்தால் நரகம் என்றீர்களே, அதற்கும் இதுதான் காரணம். ஆகவே படுக்கும்போது கையைப் போர்வைக்குள் வைக்காதீர்கள். ஃபேன் காற்றில் வெளியே இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். எல்லோரும் விதையில்தான் காரம் என்கிறார்கள். இல்லை. காரம் உற்பத்தியாவது விதை ஒட்டிக்கொண்டிருக்கிறதே அந்த வெள்ளை நரம்புச் சதையில். விதைக்கு அதிலிருந்து பூசிக்கொண்டதுதான். நீங்கள் மூன்று கிலோ மிளகாயில் ஒவ்வொன்றிலும் சரியாக அந்த இடத்தில் கட்டைவிரலை விட்டு வழித்திருக்கிறீர்கள். கொதிக்கிற குழம்பில் கரண்டிக்குப் பதில் விரலை விட்டுக் கிண்டின மாதிரி.

தோலுக்குப் பெரிதாக நிரந்தரச் சேதம் வராது, பயப்பட வேண்டாம். சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாள்வரை எரியும். இது நம் ஊர் சமாசாரம் மட்டுமில்லை. மிளகாய் உரித்துக் கை எரிந்து மருத்துவரிடம் போனவர்களைப் பார்த்து, சீனாவின் காரச் சமையலுக்குப் பேர்போன மாகாணத்தை வைத்து "ஹூனான் கை" என்றே 1981இல் ஒரு மருத்துவ இதழில் பெயர் வைத்துவிட்டார்கள்.

மாடித்தோட்டக்காரி (11.50)

வாத்தியார் சார், அவர் கை எரிந்துகொண்டு இருக்கிறது, நீங்கள் நோபல் பரிசு கொடுத்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

தயிர் பற்றி யாரும் சொல்லவில்லையே. கையைத் தயிரில் முக்கி வைத்தால் எனக்குக் கேட்டது.

வாத்தியார் (11.55)

சரி, சுருக்கமாக. வாயில் எரியும்போது பால், தயிர் நல்லது. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் காரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். தோலுக்கும் கொஞ்சம் உதவும், குளிர்ச்சியும் சேர்ந்தது. ஆனால் எண்ணெய், சோப்பு அளவுக்கு இல்லை. எண்ணெயிலேயே ஒரு மணி நேரம் கையை வைத்திருந்தால் தண்ணீரைவிட நீண்ட நேரம் நிம்மதி கிடைக்கிறது என்று அமெரிக்காவில் 1987இல் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கட்டைவிரல் ஒன்றுதானே மிச்சம், ஒரு டம்ளரில் எண்ணெய் விட்டு அதை மட்டும் முக்கி வைக்கலாம்.

உறையூர்வாசி (மறுநாள் காலை 7.10)

எல்லோருக்கும் நன்றி. கண் தப்பித்தது.

மாடிவீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் பெண் இருக்கிறாள், லென்ஸ் போடுகிறவள். பன்னிரண்டு மணிக்கு எப்படிக் கதவைத் தட்டுவது என்று நான் தயங்க, அம்மா என் போனை வாங்கி அவள் அம்மாவுக்குப் பேசிவிட்டார். இருவரும் இறங்கி வந்தார்கள். அந்தப் பெண் கையை இரண்டு தடவை கழுவி, துடைத்து, என்னை நாற்காலியில் உட்காரவைத்து, "அங்கிள், மேல ஃபேனைப் பாருங்க" என்றாள். ஃபேனைப் பார்த்தேன். இடது கண் முதல் தடவையே வந்துவிட்டது. வலது கண்ணில் நான் இமைத்து இமைத்து இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை வந்தது. என் கை பட்ட டப்பா வேண்டாம் என்று அவளுடைய புது டப்பாவிலேயே லென்ஸைப் போட்டு மூடி வைத்தாள். காரம் படாததால் லென்ஸ் பிழைத்தது. அவள் போகும்போது வீட்டில் மிச்சம் இருந்த பழைய மோர் மிளகாய் ஒரு டப்பா கொடுத்து அனுப்பினார் அம்மா.

அதற்கப்புறம் கட்டைவிரலை எண்ணெய் டம்ளரில் விட்டபடி டி.வி. பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம். பிறகு கடலை மாவு, பிறகு சோப்பு. பெரியவர் சொன்ன புளியையும் விடவில்லை. வாத்தியார் மன்னிக்க வேண்டும், எனக்கு அதில் கொஞ்சம் கேட்ட மாதிரிதான் இருந்தது, அல்லது அதற்குள் நேரமே ஆகிவிட்டதோ தெரியாது. இரண்டு மணிக்குக் கை ஃபேனுக்கு நேராக நீட்டியபடி தூங்கிவிட்டேன். இப்போது லேசான குறுகுறுப்பு மட்டும். காபி டம்ளரை இடது கையில்தான் பிடிக்கிறேன்.

இனிமேல் இரண்டு சந்தேகம். இன்றைக்கு மிளகாயை மோரிலிருந்து எடுத்து மாடியில் காயவைக்க வேண்டும். ராத்திரி திரும்ப அதே மோரில் போட வேண்டும், மோர் முழுவதும் உறிஞ்சும்வரை நான்கைந்து நாள் இதேதான். மோரிலும் காரம் இறங்கியிருக்குமே, கையுறை எது வாங்குவது? சமையலறையில் வேறு எதையெல்லாம் கழுவ வேண்டும்?

நைட் டூட்டி (7.32)

டூட்டி முடிந்து பஸ்ஸில் இருக்கிறேன். நல்ல சேதி.

மெடிக்கல் ஷாப்பில் நைட்ரைல் கையுறை என்று கேளுங்கள், பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். சாதாரண லேடெக்ஸ் கையுறை காரத்துக்குப் போதாது. அக்கி வந்து போன பிறகும் விடாத நரம்பு வலிக்கு, 8 சதவீதம் கேப்சைசின் உள்ள ஒட்டுப்பட்டை ஒன்று இருக்கிறது. இதே காரத்தை வைத்தே வலி நரம்பைச் சோர்வடைய வைக்கிற வைத்தியம். அதை ஒட்டுகிறவர்கள் நைட்ரைல்தான் போட வேண்டும், லேடெக்ஸ் கூடாது என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. கழற்றும்போது மணிக்கட்டுப் பக்கம் பிடித்து உள்பக்கம் வெளியே வரும்படி உருவுங்கள், வெளிப்பக்கம் கையில் படக் கூடாது. ஒருமுறை போட்டதைத் திரும்பப் போடாதீர்கள். பல பேர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

மிளகாயைத் திருப்பிப் போடக் கை எதற்கு, ஒரு ஜல்லிக்கரண்டி போதுமே.

மாடித்தோட்டக்காரி (7.50)

நேற்று நீங்கள் பயன்படுத்திய கத்தி, பலகை, முறம் எல்லாவற்றுக்கும் எண்ணெய்த் துடைப்பு, பிறகு லிக்விட். பலகை மரம் என்றால் அதில் இன்றைக்குப் பழம் நறுக்காதீர்கள், பப்பாளி காரமாக இருக்கும். மிளகாய் உலர்த்திய துணி, நீங்கள் கை துடைத்த துண்டு, தலையணை உறை, மூன்றையும் தனியாக ஊறப் போடுங்கள். குழாய்த் திருகு, ஃபிரிட்ஜ் கைப்பிடி, லைட் சுவிட்ச் எல்லாம் நீங்கள் நேற்று தொட்டவைதான். அம்மா அதைத் தொட்டுவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்தால் திரும்பவும் முதலிலிருந்து.

வாத்தியார் (8.05)

மாடியில் காயவைக்கும்போது மேலே ஒரு மெல்லிய துணியோ வலையோ போடுங்கள். அணில் ஒருமுறை கடித்தால் மறுமுறை வராது. கிளிக்கு அந்தக் கவலை இல்லை. பறவைகளிடமும் அந்தக் கதவு இருக்கிறது, ஆனால் கேப்சைசின் அதைத் திறக்காது. என் மாமனார் வீட்டில் ஒரு மத்தியானத்தில் கால் கிலோ போனது.

சாத்தூர் பக்கம் (8.20)

அடுத்த தடவை ஊக்குதான், தம்பி. காம்பைப் பிடித்துக்கொண்டு நுனியில் ஒரு குத்து, வயிற்றில் ஒரு குத்து. கை உள்ளேயே போகாது. பிள்ளைகளுக்குக் காரம் குறைய வேண்டுமானால் மோரில் ஒருநாள் கூடுதலாகப் போடுங்கள், அந்த வெள்ளை நரம்பைத் தோண்ட வேண்டாம். வறுக்கும்போதும் ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பைக் குறைத்து வறுங்கள். கருகினால் தெருவே இருமும்.

உறையூர்வாசி (8.41)

வாங்கியாயிற்று, நீல நிறக் கையுறை. ஜல்லிக்கரண்டி யோசனை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, மிளகாய் உடையுமாம். கத்தி, பலகை, குழாய், சுவிட்ச் எல்லாம் துடைத்துவிட்டேன். துணிகள் பக்கெட்டில்.

மாடித்தோட்டக்காரி (8.44)

போன்?

உறையூர்வாசி (8.46)

ஐயோ. ராத்திரி முழுக்க இதில்தானே தட்டினேன். அம்மா வேறு இதைக் காதில் வைத்துத்தான் மாடிவீட்டுக்குப் பேசினார். காலையிலிருந்து காது குறுகுறுக்கிறது, எறும்பு போயிருக்குமோ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எண்ணெய் எடுத்துக்கொண்டு போகிறேன்.